சென்னை ரிச்சி தெருவில் மலிவு விலை 4கே மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

லேப்டாப்போடு இணைக்க 27 அங்குல 4கே மானிட்டர் பதினாறு, பதினேழாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். நான் 16,500 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியாக 2,970 ரூபாயும் கொடுத்து வாங்கி வந்தது 4கே மானிட்டரே இல்லை. 4கே சிக்னலை வாங்கிக்கொண்டு, அதைச் சுருக்கி, கால்வாசிப் பிக்சலே உள்ள சாதாரண ஃபுல் எச்டி பேனலில் காட்டுகிற பெட்டி. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. அந்தத் தெருவில் நேர்மையான கடைகளும் நிறைய உண்டு. என் பழைய லேப்டாப்புக்கு ராம் போட்டுக் கொடுத்தவர் அங்கேதான் இருக்கிறார், இன்றைக்கும் நியாயமான விலைதான் சொல்வார்.

எனக்கு ஏன் 4கே என்று கேட்பீர்கள். நான் வீட்டிலிருந்து மெய்ப்புப் பார்க்கிற ஆள். தமிழ்ப் பக்கங்களில் என் கண் தேடுவதெல்லாம் மிகச் சின்ன விஷயங்கள்: ஒற்றின் மேல் புள்ளி இருக்கிறதா, ‘மி’யா ‘மீ’யா, வல்லினம் மிகுந்திருக்கிறதா இல்லையா. எழுத்து சிறியதாக இருந்து திரையும் மங்கலாக இருந்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போகும், சுழி கரைந்துவிடும். மாலைக்குள் தலைவலி வந்துவிடும்.

என் லேப்டாப் 14 அங்குலம், 1920க்கு 1080 பிக்சல். ஓர் அங்குலத்துக்குச் சுமார் 157 பிக்சல் வருகிறது. எழுத்து பளிச்சென்று தெரியும், ஆனால் இரண்டு பக்கத்தை அருகருகே வைக்க இடம் போதாது. 27 அங்குலத்தில் உண்மையான 4கே, அதாவது 3840க்கு 2160 இருந்தால், அங்குலத்துக்கு 163. லேப்டாப்பின் தெளிவு அப்படியே இருக்கும், இடம் மட்டும் கூடும். அதே 27 அங்குலத்தில் ஃபுல் எச்டி என்றால் வெறும் 82தான். வீடியோ பார்க்கிறவர்களுக்கு அது பெரிதாக உறுத்தாது. எழுத்தைப் பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கு உறுத்தும்.

கடையில் கேட்டவுடனே ‘இருக்கு மேடம்’ என்றார்கள். நான் கேட்டுக்கொண்டபடி வாட்ஸாப்பில் கொட்டேஷனும் வந்தது: 27 அங்குலம், 4கே, ஐபிஎஸ் பேனல், டைப்-சி, மூன்று வருட வாரண்டி. கேள்விப்படாத பிராண்டு. மேசைமேல் ஒரு மானிட்டரில் அருவியும் கிளியுமாக ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. என் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தேன். ‘டெமோ பீஸ்ல வேற லேப்டாப் போட ஓனர் விட மாட்டார் மேடம்’ என்று சொல்லி, கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அமைப்பைத் திறந்து காட்டினார் அந்தத் தம்பி. 3840க்கு 2160 என்றே இருந்தது.

அந்த எண் எதையும் நிரூபிக்காது. மானிட்டருக்குள் ஒரு சின்ன நினைவகம் இருக்கிறது. கேபிளைச் செருகியதும், தன்னால் எந்தெந்த அளவுகளை வாங்கிக்கொள்ள முடியும் என்று மானிட்டர் அதன் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். விண்டோஸ் அதை நம்பித்தான் எண்ணைக் காட்டுகிறது. உள்ளே இருக்கிற பேனலில் உண்மையில் எத்தனை பிக்சல் என்று அதற்குத் தெரியாது. 4கே அளவை வாங்கிக்கொள்வேன் என்று மானிட்டர் சொல்லிவிட்டால், விண்டோஸும் 4கே என்றே காட்டும். அருவி வீடியோவும் உதவாது. ஓடுகிற தண்ணீரில் எது கூர்மை, எது மங்கல் என்று யார் கண்டுபிடிப்பது?

வீட்டில் ஒரு பிடிஎஃப்பைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. எழுத்தின் விளிம்பெல்லாம் நீர் தொட்டதுபோல் கலங்கியிருந்தது. மவுஸ் அம்பு வேறு விட்டுவிட்டு நகர்ந்தது. பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 படம்தான். டைப்-சி கேபிளைப் போட்டால் படமே வரவில்லை.

முதலில் பேனலைப் பற்றிச் சொல்கிறேன், மோசடியே அதில்தான். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறிமாறி மெல்லிய கோடுகள் வரும்படி 3840க்கு 2160 அளவில் ஒரு படம் தயார் செய்தேன். பெயின்ட் மாதிரியான எந்த நிரலிலும் செய்யலாம். விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 100 சதவீதத்தில் வைத்து, படத்தையும் பெரிதாக்காமல் சிறிதாக்காமல் அசல் அளவில் திறக்க வேண்டும். உண்மையான 4கே பேனலில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். எனக்குத் திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம். நான்கு பிக்சலை ஒன்றாக அரைத்தால் அப்படித்தான் ஆகும்.

அப்புறம் அளவுகோல் வைத்தும் பார்த்தேன். 27 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். 4கே என்றால் ஒரு சென்டிமீட்டருக்குள் 64 பிக்சல் இருக்க வேண்டும், ஃபுல் எச்டி என்றால் 32. திரைமேல் ஸ்கேலை வைத்து, போன் கேமராவின் மேக்ரோவில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணலாம். எனக்கு 32தான் வந்தது. இதற்கு இன்டர்நெட்டோ கடைக்காரரின் அனுமதியோ தேவையில்லை. லேப்டாப்பைச் செருக விடாத கடையில்கூட இதைச் செய்யலாம்.

திரும்பப் போய்ச் சொன்னபோது வந்த பதில்களைக் கேளுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இவைதான் வரும். ‘கேபிள் பிரச்சினை மேடம், 8கே கேபிள் போட்டா சரியாயிடும்.’ அதற்கு 900 ரூபாய். 30 ஹெர்ட்ஸ் தகராறுக்குக் காரணம் மானிட்டரின் எச்டிஎம்ஐ போர்ட். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இல் 4கே போனால் நொடிக்கு 30 படம்தான். 60 ஹெர்ட்ஸ் 2013இல் 2.0 வந்த பிறகுதான் கிடைத்தது. போர்ட்டே பழைய தரத்தில் இருந்தால், தங்கத்தில் கேபிள் செய்து போட்டாலும் 60 வராது. உண்மையான 4கே மானிட்டருக்கே 60 ஹெர்ட்ஸுக்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ தரக் கேபிள் போதும். அந்த 900 ரூபாயை நான் கொடுக்கவில்லை.

அடுத்து, ‘உங்க லேப்டாப்ல டைப்-சி டிஸ்ப்ளே வராது மேடம்.’ வரும். ஒரு பதிப்பக அலுவலகத்தில் இதே லேப்டாப்பை ஒற்றைக் கேபிளில் மானிட்டரோடு இணைத்து வேலை பார்த்திருக்கிறேன், சார்ஜும் ஏறியது. டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். அதன் வழியே படம் போக வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி லேப்டாப்பிலும் வேண்டும், மானிட்டரிலும் வேண்டும். லேப்டாப் பக்கம் துளையருகே டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருந்தால் நல்ல அறிகுறி. சார்ஜ் ஏறுவது தனி விஷயம்: மானிட்டரின் விவரத்தாளில் பவர் டெலிவரி 65 வாட், 90 வாட் என்று எண்ணோடு போட்டிருக்க வேண்டும். எனக்குக் கொடுத்த மானிட்டரோடு வந்த ஒற்றைத் தாளில், அந்தத் துளை ஃபர்ம்வேர் (மானிட்டரின் உள் மென்பொருள்) ஏற்றவும் போனுக்குச் சார்ஜ் போடவும் மட்டுமே என்று பொடி எழுத்தில் இருந்தது.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: எம்1, எம்2 ஏர் என்றால் நேரடியாக ஒரு வெளித்திரைதான் இணைக்க முடியும். இரண்டு மானிட்டர் ஓடும் என்று கடைக்காரர் சொன்னால், எதை வைத்து ஓட்டுவார் என்று கேளுங்கள்.

சத்தம் கொஞ்சம் கூடியதும் ‘மாத்தித் தர்றோம், பிராண்டடே எடுத்துக்கோங்க’ என்றார்கள். இது இன்னொரு கதை. நல்ல கம்பெனியின் 27 அங்குல மானிட்டர், 2560க்கு 1440. முன்பக்கம் புதுசு மாதிரிதான் இருந்தது. திருப்பிப் பார்த்தால் ஸ்டாண்டின் திருகுகளில் தேய்மானம், பின்புறம் ஏதோ ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த பசைத் தடம். பெரிய ஆபீஸ்கள் கழித்துவிடும் மானிட்டர்களில் சொத்து எண் ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அந்த இடம். சீரியல் எண்ணை அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டேன். வாரண்டி எப்போதோ முடிந்திருந்தது. ‘ஓப்பன் பாக்ஸ் மேடம்’ என்றார் தம்பி, கண்ணைப் பார்க்காமல்.

பழைய மானிட்டரை விற்பது தப்பில்லை. பழையது என்று சொல்லி அதற்கான விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். சில மாடல்களில் சர்வீஸ் மெனுவுக்குள் போனால் பின்விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்றுகூடத் தெரியும். புதுசு என்றால் அட்டைப்பெட்டியில் அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் வருடமும், இறக்குமதியாளரின் முகவரி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியிலும் மானிட்டரின் முதுகிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குக் கொண்டுவந்ததற்குப் பெட்டியே இல்லை.

வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். பில்லின் அடியில் இருந்த ரப்பர் ஸ்டாம்பைக் காட்டினார் முதலாளி: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.’ இந்த ஸ்டாம்பைப் பார்த்துத்தான் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியல் போடுகிறது. பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது அதில் ஒன்று. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. ‘பில் வேணும்னா 18 பர்சென்ட் எக்ஸ்ட்ரா’ என்று சொல்லும்போது இது நினைவிருக்கட்டும்.

என்னிடம் ஜிஎஸ்டி பில் இருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்தது ‘27 எல்இடி மானிட்டர் - 1’ என்பது மட்டும். மாடல் எண் இல்லை, 4கே இல்லை, டைப்-சி இல்லை. முதலாளி அதையே பிடித்துக்கொண்டார்: ‘நாங்க 4கேன்னு எங்கம்மா எழுதியிருக்கோம்?’ வாட்ஸாப் கொட்டேஷனைக் காட்டியதும்தான் குரல் இறங்கியது. ஆக, பில் போடும்போதே மாடல் எண், சீரியல் எண், ‘பேனல் 3840க்கு 2160’ என்ற சொற்கள், டைப்-சியில் டிஸ்ப்ளே வரும் என்பது, எத்தனை வாட் என்பது, எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. மூன்று வருட வாரண்டி யாருடையது, கம்பெனியுடையதா கடையுடையதா, பேனலுக்கும் சேர்த்தா என்பதையும் கேளுங்கள். எனக்குக் கிடைத்த வாரண்டி அட்டை, கடையே அச்சடித்தது. பின்பக்கத்தில் ‘பேனல் நீங்கலாக’ என்று இருந்தது. மானிட்டரில் பேனலை நீக்கிவிட்டால் மிச்சம் என்ன, ஸ்டாண்டா?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். அதோடு கொட்டேஷன், பில், கோட்டுப் படம், ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ எல்லாவற்றையும் இணைத்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு முதலாளியே கூப்பிட்டார். மானிட்டரை வாங்கிக்கொண்டு 16,500 ரூபாயை அனுப்பிவிட்டார். ஜிஎஸ்டி 2,970ஐ மட்டும் தரமாட்டாராம், அது அரசாங்கத்துக்குப் போய்விட்டதாம். பொருள் திரும்பி வந்தால் கடைக்காரர் கிரெடிட் நோட் (விற்பனைத் தொகையைக் கழித்துக் காட்டும் சீட்டு) போட்டு அந்த வரியைத் தன் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. அவருடைய ஆடிட்டருக்கு இது தெரியாமல் இருக்காது.

அந்தத் தொகைக்காகத்தான் ஆணையத்துக்குப் போனேன். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கடை சென்னையில் இருந்தாலும் நான் தாம்பரத்தில் குடியிருப்பதால் செங்கல்பட்டில் தாக்கல் செய்ய முடிந்தது. வெளியூரிலிருந்து ரிச்சி தெருவுக்கு வந்து வாங்கிப் போகிறவர்களும் அவரவர் மாவட்டத்திலேயே போடலாம்.

மனு போன பிறகு கடையிலிருந்து ஒரு வாட்ஸாப் வந்தது. ஜிஎஸ்டி தொகைக்கு ஈடாக ஒரு வயர்லெஸ் கீபோர்டு தருகிறார்களாம், மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கீபோர்டு வேண்டாம், கிரெடிட் நோட்டும் பணமும் போதும் என்று பதில் போட்டேன். அந்தச் செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவோடு சேர்த்திருக்கிறேன்.