ஸ்டாக்ஸ் சிங்கிள்ஸ் பெட்டி: பல வருஷம் கேட்ட பிறகு

ஒன்பது சிடி, 244 பாட்டு. ‘தி கம்ப்ளீட் ஸ்டாக்ஸ்/வோல்ட் சிங்கிள்ஸ் 1959–1968’ என்ற இந்தப் பெட்டியை அட்லான்டிக் நிறுவனம் 1991-இல் வெளியிட்டது. ஸ்டாக்ஸ் என்பது அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து இசைத்தட்டுக் கம்பெனி, வோல்ட் அதன் துணைப் பெயர். பக்கத்துக்கு ஒரு பாட்டாக வந்த அவர்களுடைய சின்னத் தட்டுகள்தான் சிங்கிள்கள். என் வீட்டில் இது வருஷக்கணக்காகப் பாடிக்கொண்டிருக்கிறது. வாங்கின புதிதில் தெரிந்த பாட்டுகளாகப் பார்த்துத் தாவித் தாவிக் கேட்டேன். இப்போது ஒரு சிடியைப் போட்டால் கடைசி வரை ஓடவிடுவதுதான் வழக்கம். கொடுத்த காசு அப்படிக் கேட்டால்தான் செரிக்கும்.

முதல் சிடி சுமார் ரகம். கம்பெனிக்கே தான் யாரென்று தெரியாத காலம் அது. மெம்ஃபிஸில் வங்கி வேலை பார்த்துக்கொண்டே ஃபிடில் வாசித்த ஜிம் ஸ்டூவர்ட், 1957-இல் சாட்டிலைட் என்ற பெயரில் ஆரம்பித்தார். அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் வீட்டை அடமானம் வைத்துப் பதிவு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். 1960-இல் மெக்லமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த ஒரு சினிமா கொட்டகைக்குக் குடிபோனார்கள். ரூஃபஸ் தாமஸும் மகள் கார்லாவும் சேர்ந்து பாடிய பாட்டு விற்றது. ஸ்டூவர்ட்டின் கவனம் முழுக்கக் கறுப்பர் இசைப் பக்கம் திரும்பியது. அடுத்த வருஷம் இரண்டு குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளை ஒட்டி ‘ஸ்டாக்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள்.

கொட்டகையின் சாய்வான தரையைச் சமன்படுத்தவில்லை. அந்தக் கூடத்தின் அதிர்வு பாட்டுகளில் அப்படியே இருக்கிறது. முன்னால் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை வைத்தார். உள்ளே பதிவானதைக் கடையில் போட்டுவிட்டு, வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதா என்று முகத்தைப் பார்ப்பார். இதைவிட நல்ல விற்பனை ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை.

1962-க்கு வந்துவிட்டால் பெட்டி சூடுபிடிக்கிறது. ‘கிரீன் ஆனியன்ஸ்’ முதலில் ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்துப் பாட்டாக வந்தது. அதில் ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது 17 வயது. அவரும் கிதார் ஸ்டீவ் க்ராப்பரும் டிரம்ஸ் அல் ஜாக்சனும், பிறகு பேஸ் கிதாருக்கு வந்த டொனால்ட் டன்னும்தான் கம்பெனியின் பாட்டுகளுக்குப் பின்னால் வாசித்த ‘எம்.ஜி.’ஸ்’ குழு. இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர். அன்றைய மெம்ஃபிஸில் இந்த நாலு பேரும் நினைத்த ஓட்டலில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. உள்ளே வந்தால் ஒரே மூச்சாக வாசித்தார்கள்.

பாடகரை விட்டுவிட்டு இவர்களைக் கேட்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு இந்தப் பெட்டி திறந்தது. ஓடாத பாட்டுகள் இதில் ஏராளம். பாடினவர் பெயர் இன்று யாருக்கும் நினைவிருக்காது, ஆனால் பின்னால் வாசிப்பது இதே ஆட்கள். ஒரு சொத்தைப் பாட்டில்கூட க்ராப்பர் நாலே சுரத்தை வைத்துக்கொண்டு, மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த அடக்கம் ஹிட் பாட்டுகளை மட்டும் பொறுக்கிப் போட்ட தொகுப்புகளில் சரியாகப் புரியாது.

உதாரணத்துக்கு ஒன்று. ஸ்டாக்ஸின் பாடகர் ஓடிஸ் ரெட்டிங் 1966-இல் பாடிய ‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்’. பழைய மெட்டு, பலர் குழைந்து குழைந்து பாடியது. இங்கே ஹார்ன் (ஊதுகருவிகள்) மூன்று வரி இழுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, ஓடிஸ் தாழ்ந்த குரலில் தொடங்குகிறார். கொஞ்சம் கழித்து அல் ஜாக்சன் டிரம்மின் விளிம்பில் குச்சியைத் தட்ட ஆரம்பிப்பார். டிக், டிக், டிக். அவ்வளவுதான். பாட்டு இன்னும் நிதானமாகத்தான் போகிறது, ஆனால் எங்கோ கொண்டுபோய்விடப் போகிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. முடிவில் ஓடிஸ் சொல்லை விட்டு வெறும் ஒலிக்குப் போய்விடுவார், ஜாக்சன் அசைய மாட்டார். பின்பாட்டுக்காரர்கள் கிடையாது, அந்த வேலையை டிரம்பெட்டும் சாக்ஸபோனும் பார்த்துக்கொள்கின்றன. ஹார்ன் என்ன ஊத வேண்டும் என்பதை ஓடிஸ் பல சமயம் வாயாலேயே பாடிக் காட்டுவாராம்.

ஒலி பற்றிக் கேட்பார்கள். எல்லாம் சிங்கிளாக வந்த மோனோ வடிவம், இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. ஹெட்போனில் முதலில் நெரிசலாகத் தோன்றும். நான் ஸ்பீக்கரில்தான் கேட்கிறேன், சத்தம் கொஞ்சம் தூக்கலாக. ஸ்ட்ரீமிங்கில் இவற்றில் பெரும்பாலானவை கிடைக்கும், சரி. ஆனால் வந்த வரிசை குலைந்து, ஸ்டீரியோ வடிவங்களும் கலந்து கிடக்கும்.

இனி குறை. பெட்டி 1968-இல் நிற்கிறது, அதற்கு இசை காரணம் இல்லை. 1967 டிசம்பர் 10-இல் விஸ்கான்சினில் மோனோனா ஏரியில் விமானம் விழுந்து ஓடிஸும், உடன் வாசித்த பார்-கேஸ் குழுவின் பெரும்பாலான பையன்களும் இறந்தார்கள். சில நாள் முன்பு பதிவான ‘டாக் ஆஃப் த பே’ அவர் போன பிறகுதான் முதலிடத்துக்கு வந்தது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட லொரெய்ன் மோட்டலில்தான் க்ராப்பரும் பாடகர் எடி ஃப்ளாய்டும் ‘நாக் ஆன் வுட்’ எழுதியிருந்தார்கள். இதற்கு நடுவே, விநியோகம் பார்த்த அட்லான்டிக் கைமாறியபோது, ஸ்டூவர்ட் சரியாகப் படிக்காமல் போட்ட கையெழுத்து வெளியே வந்தது. அதுவரை அவர்கள் விநியோகித்த பாட்டுகளின் மாஸ்டர் டேப் (மூலப் பதிவு) அத்தனையும் அட்லான்டிக்குக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. இந்தப் பெட்டியை யார் வெளியிட்டார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அது உறுத்தத்தான் செய்கிறது.

கைவிட்டுப்போனதை ஈடுகட்ட, கம்பெனி நிர்வாகத்தில் இருந்த அல் பெல் 1969-இல் 27 ஆல்பங்களை ஒரே மூச்சில் வெளியிட்டார். கம்பெனி 1975 டிசம்பரில் திவாலாகும் வரை வந்த சிங்கிள்களை வேறு நிறுவனம் இன்னும் இரண்டு பெட்டிகளாகப் போட்டது. அவற்றையும் கேட்டேன், முதல் பெட்டி அளவுக்கு ஒட்டவில்லை. காரணம், பிற்கால ஸ்டாக்ஸ் சிங்கிளுக்குள் அடங்காது. பாடகர் ஐசக் ஹேஸின் ‘ஹாட் பட்டர்ட் சோல்’ ஆல்பம் மொத்தமே நாலு பாட்டு. அதில் ஒன்று 18 நிமிஷத்துக்கும் மேல். சிங்கிளுக்காக அதை வெட்டினார்கள், வெட்டினது தெரிகிறது. அந்தக் காலத்தை ஆல்பங்களாகவே வாங்குங்கள். முதல் பத்து வருஷத்துக்கு இந்தப் பெட்டிதான். இரண்டாம் சிடியிலிருந்து ஆரம்பித்தாலும் தப்பில்லை.