24 நற்குணம் காட்டும், ஒரு குற்றமும் காட்டாது: வி.ஐ.ஏ. குணச் சோதனை எப்படி?

இணையத்தில் வி.ஐ.ஏ. என்று ஒரு குணச் சோதனை இருக்கிறது. இலவசம்தான், ஒரு கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். 'சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன்' என்கிற ரகத்தில் 96 வாக்கியங்கள் வரும், நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஐந்து பதிலில் ஒன்றைத் தட்டிக்கொண்டே போனால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் 24 நற்குணங்களில் நம்மிடம் எது முதலிடம், எது கடைசி என்று வரிசை போட்டுக் கொடுக்கும். உளவியலாளர்கள் பீட்டர்சனும் செலிக்மனும் 2004இல் வெளியிட்ட பட்டியல்தான் இதற்கு அடிப்படை.

நல்லது முதலில். நேர்மை வேறு, நியாயம் வேறு, கருணை வேறு என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது உண்மையிலேயே உபயோகம். பொய்யே சொல்லாத ஒருவர் பங்கு பிரிக்கும்போது மட்டும் தன் பக்கம் கொஞ்சம் கூடவே தள்ளிக்கொள்வார், பார்த்திருப்பீர்கள். நல்ல மனுஷன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் அதெல்லாம் கண்ணில் படாது.

சரி, குறை என்ன? தீய குணம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே இது காட்டிக்கொள்வதில்லை. தன்கட்டுப்பாடு 24ஆவது இடத்தில் வந்தாலும் அது உங்கள் குறை இல்லை, மற்றதைவிடக் கொஞ்சம் குறைவான பலம், அவ்வளவுதான் என்று தடவிக்கொடுத்து அனுப்பிவிடும். மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டில் எடுத்ததற்கெல்லாம் கத்துகிற ஆளுக்கு இந்த இதத்தால் என்ன பிரயோஜனம்?

அரிஸ்டாட்டில் சொன்ன வழி எனக்கு இதைவிடச் சரியாகப் படுகிறது. ஒவ்வொரு நற்குணத்துக்கும் இரண்டு பக்கமும் ஒரு குற்றம் உண்டு: துணிவு குறைந்தால் கோழைத்தனம், மிஞ்சினால் அசட்டுத் துணிச்சல், தாராளம் குறைந்தால் கஞ்சத்தனம், மிஞ்சினால் ஊதாரித்தனம். இந்தக் கண்ணோடு பார்த்தால் சோதனையில் முதலிடம் வந்த குணத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். விடாமுயற்சி மேலே வந்தவர் வெறும் பிடிவாதக்காரராக இருக்கலாம், முன்யோசனை என்று வந்தது பயமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

இன்னொன்று, நம்மைப் பற்றி நாமே போடும் மார்க் இது. 2006இல் வந்த ஓர் ஆய்வில் 54 நாடுகளின் விடைகளை ஒப்பிட்டார்கள். பெரும்பாலும் எங்கும் கருணை, நியாயம், நேர்மை போன்றவை மேலே, முன்யோசனை, பணிவு, தன்கட்டுப்பாடு கீழே. உலகமே கருணைக் கடலா, இல்லை அப்படிச் சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் பிடிக்கிறதா என்று யோசிக்கத் தோன்றுகிறது. (பணிவு எனக்கு ரொம்பப் பொருந்தும் என்று ஒருவர் தட்டினால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?) 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் தலைகீழாகச் செய்தார். கட்டம் போட்ட நோட்டில் 13 நற்குணங்களை எழுதி, வாரத்துக்கு ஒன்றில் குறிப்பாகக் கவனம் வைத்து, தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி. சரியாக நடந்த நாளுக்கு ஒன்றுமில்லை, கட்டம் காலியாகவே கிடக்கும். கர்வத்தை வென்றுவிட்டாலும் அந்தப் பணிவை நினைத்தே கர்வப்படுவேன் என்று எழுதிய ஆள் அவர்.

அதற்காக வி.ஐ.ஏ. வேண்டாம் என்று சொல்லமாட்டேன், தாராளமாக எடுங்கள். முதல் ஐந்து குணங்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றும் மிஞ்சினால் என்னவாகும் என்று நீங்களே எழுதி, கூட இருக்கிற ஒருவரிடம் நீட்டி, இதில் எது என்னிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் தயங்கித் தயங்கிச் சொல்லும் இரண்டு வரியில் இருக்கிற விஷயம் அந்த வரிசையில் இருக்காது. விரிவான அறிக்கை என்று காசுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், அது தேவையில்லை, இலவச வரிசையே போதும். வேலைக்கு ஆள் எடுக்க மட்டும் இதை நம்பாதீர்கள், எந்தப் பதிலைத் தட்டினால் நல்ல பெயர் என்று 96 வாக்கியத்திலும் பச்சையாகத் தெரிகிறது.