நீலகிரியில் ஆர்கானிக் மேப்ஸ், ஸ்ட்ரீட்கம்ப்ளீட்: பார்க்கவும் வரையவும்

ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும்போது சில இடங்களில் சிக்னல் சுத்தமாகப் போய்விடும். அங்கே கைகொடுப்பது முன்கூட்டியே இறக்கி வைத்த மேப்தான். ஆர்கானிக் மேப்ஸ் ஆப் இலவசம், விளம்பரம் கிடையாது. உள்ளே இருப்பது 2004-ல் பிரிட்டனில் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு. தமிழ்நாடு மேப் மட்டும் போதாது. கூடலூரைத் தாண்டினால் ஒரு பக்கம் வயநாடு, இன்னொரு பக்கம் பந்திப்பூர். கேரளா, கர்நாடகா இரண்டையும் வைஃபை இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.

ஆனால் ஆப் காட்டும் நேரக் கணக்கை நம்ப வேண்டாம். மசினகுடி–கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். முதல் கியரில் ஏறும் வண்டிக்கு ஆப் காட்டும் நிமிடம் பொருந்தாது. பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள். அதையும் ஆப் பார்த்துக்கொள்ளும் என்று கிளம்பாதீர்கள்.

இந்த மேப்பை வரைபவர்களும் நாம்தான் என்பதால் பிழையும் நம் கையால்தான் வருகிறது. மலையில் அடிக்கடி நடப்பது எஸ்டேட் பாதைப் பிழை. சாட்டிலைட் படத்தில் தேயிலைக்கு நடுவே ஒரு கோடு தெரியும். அதைச் சாதாரணச் சாலை என்று போட்டுவிடுவார்கள். ஆப் அதைக் குறுக்குவழியாக எடுத்துக்கொண்டு கார்களை அனுப்பும். முடிவில் பூட்டிய கேட். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தேயிலைக் கால்வாய், திருப்ப இடமில்லை. வந்த தூரம் முழுக்க ரிவர்ஸ்தான். எஸ்டேட் பாதையை ‘டிராக்’ என்று குறித்து, அனுமதியில் ‘பிரைவேட்’ கொடுங்கள். கேட் இருக்கும் இடத்தில் கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வையுங்கள். இந்த மூன்றும் தயவுசெய்து விடுபடக் கூடாது.

ஆர்கானிக் மேப்ஸில் கடை, பஸ் ஸ்டாப் சேர்க்கலாம். சாலை வரைய முடியாது. அதற்கு கம்ப்யூட்டரில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் எடிட்டர் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஒரே ஒரு ஜிபிஎஸ் பதிவை நம்பி வரையாதீர்கள். மலைச்சரிவும் மரக்கூட்டமும் சிக்னலை மறைப்பதால் புள்ளி பத்துப் பதினைந்து மீட்டர் நகரும். மேல் சாலையும் கீழ்ச் சாலையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஏறும்போதும் இறங்கும்போதும் பதிந்து, நடுவில் கோடு போடுங்கள். சாட்டிலைட் படமும் சரிவில் தள்ளி நிற்கும். அதை முதலில் ஜிபிஎஸ் கோட்டோடு ஒட்ட நகர்த்திய பிறகே வரைய வேண்டும். கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயரையோ கோட்டையோ எடுக்கவே கூடாது. உரிமம் இடம் தராது.

ஊர்ப் பெயரை போர்டில் எழுதியிருப்பது போலவே எழுதுங்கள். தமிழுக்குத் தனிக் கட்டம், ஆங்கிலத்துக்குத் தனிக் கட்டம். இரண்டையும் சாய்கோடு போட்டு ஒரே கட்டத்தில் திணித்தால் தேடும்போது சொதப்பும். மாற்றுப் பெயருக்கும் கட்டம் உண்டு. உதகமண்டலத்தை ஊட்டி என்று தேடுகிறவர்களே அதிகம்.

எடிட்டர் பழக நேரமில்லாதவர்களுக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் அருமையான ஆப். ஆண்ட்ராய்டில் மட்டும் உண்டு. நிற்கும் இடத்தில் ‘இந்தச் சாலை தாரா, ஜல்லியா, மண்ணா?’ என்று கேட்கும். பதில் போனிலேயே இருந்து, சிக்னல் வந்ததும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறும். மண் சாலைக்குத் தார் என்று பதில் போட்டால் மழையில் சிக்குவது அடுத்து வரும் வண்டி. தெரியாததைத் தவிர்த்துவிட்டுப் போகலாம், தப்பில்லை.

மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால் கோட்டை அழித்துவிடாதீர்கள். நம் திருத்தம் தளத்தில் சில நிமிடங்களில் தெரியும். இறக்கி வைத்த மேப்பில் வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் மண்ணை அள்ளிச் சாலையைத் திறந்துவிடுவார்கள். நன்றாக இருக்கும் சாலை மேப்பில் இல்லாமல் போய், ஆப் எல்லோரையும் சுற்றுவழியில் அனுப்பும்.