ஹைட்ரோகொலாய்டு பட்டை: புண்ணைக் காயவிடாத கட்டு

புண் ஆறியதையே "காய்ந்துவிட்டது" என்று சொல்லிப் பழகிய நமக்கு, அதை ஈரமாகவே வைத்திருக்கும் கட்டு ஒன்றை நம்புவது எளிதன்று. வண்டியிலிருந்து விழுந்து முழங்காலும் முழங்கையும் சிராய்த்தபோது, இரண்டையும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, முழங்காலில் மட்டும் இந்தப் பட்டையை ஒட்டினேன். முழங்கையை வழக்கம்போலத் திறந்தே விட்டேன்.

பட்டையின் உட்புறத்தில் ஜெலட்டின், பெக்டின், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்றவை கலந்த பசை இருக்கிறது. புண்ணில் கசியும் நீரை உறிஞ்சி அது கூழாகிவிடுகிறது. திறந்த புண்ணில் பொருக்குக் கட்டினால், ஓரங்களிலிருந்து நகர்ந்து வரும் தோல் செல்கள் அந்தக் காய்ந்த அடுக்குக்கு அடியில் ஈரத்தைத் தேடி இறங்கித்தான் புண்ணை மூட வேண்டும். ஈரமான பரப்பில் அவை தடையின்றிப் பரவுகின்றன. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் செய்த ஆய்வில், பாலித்தீன் படலத்தால் மூடிய புண்களில் மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது.

இரண்டாம் நாள் பட்டையின் நடுப்பகுதி வெளுத்து உப்பியதைக் கண்டு சீழ் பிடித்துவிட்டதோ என்று அஞ்சினேன். அது உறிஞ்சப்பட்ட நீரே என்பதையும், கழற்றும்போது இலேசான வாடை வீசும் என்பதையும் உறையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்; இவை தெரியாமல் பலர் நல்ல கட்டைப் பிய்த்து எறிந்துவிடக்கூடும். காலை மடக்கும்போதெல்லாம் ஓரம் சுருண்டதும் ஒரு குறைதான். மூன்றாம் நாள் நீர் வெளியே கசிந்ததால் மாற்றினேன். மேல்நோக்கி இழுக்காமல், தோலை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நீட்டிக் கழற்றினால் வலிப்பதில்லை.

முழங்கையில் பொருக்கு வெடித்து இருமுறை இரத்தம் வந்தது. முழங்காலில் பொருக்கே கட்டாமல் இளஞ்சிவப்பான புதுத்தோல் மூடியது. இன்று தழும்பும் அங்கேதான் மங்கலாக இருக்கிறது. இரண்டும் ஒரே அளவுக் காயங்கள் அல்ல என்பதால் இதை முழுச் சான்றாகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் பொருக்கு இல்லாத புண்ணில் அரிப்பும் குறைவு, சொறிந்து மீண்டும் புண்ணாக்கும் வாய்ப்பும் குறைவு என்பதே தழும்பைப் பொறுத்தவரை பெரிய ஆதாயம்.

சிவந்து சூடேறி வீங்கிய புண், சீழ் வைத்த புண், விலங்குக் கடி, ஆழமான தீக்காயம் ஆகியவற்றின் மேல் இதை ஒட்டி மூடக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் காலில் புண் வந்தால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறு சிராய்ப்புக்குப் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவி, ஒட்டாத துணியால் மூடி, நாள்தோறும் மாற்றினாலும் ஈரம் காக்கப்படும். ஆனால் மூட்டு போன்ற அசையும் இடத்தில் துணி நழுவிவிடுகிறது என்பதால், அங்கே நான் இந்தப் பட்டையையே, புண்ணைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாகப் பார்த்து வாங்குவேன்.