கடைக் கவுண்டரில் டெபியன் 13: பழைய பில்லிங் மென்பொருள் தாக்குப்பிடிக்குமா?

திருகோணமலை மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் பாமசி, ஹாட்வெயார் கடைக் கவுண்டர்களில் நிற்கும் கொம்பியூட்டருக்கு வேலை மிகக் குறைவு. பில் போட வேண்டும், தேர்மல் பிரிண்டர் பேச வேண்டும், சில கடைகளில் தராசும் பேச வேண்டும். மென்பொருளை எழுதியவர் எப்போதோ வெளிநாடு போயிருப்பார், சோர்ஸ் கோட் யார் கையிலும் இருக்காது. அப்படியான மெஷினில் 2025 ஓகஸ்ட் 9 வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடலாமா என்பது மட்டும்தான் இங்கே பார்க்கப்படுகிறது. வோல்பேப்பர், ஐகன் பற்றிக் கேட்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

பில்லிங் மென்பொருள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மாட்டுவது, சாமான் பெட்டிக்குள் சீடியோடு வந்த ட்ரைவர், அதாவது சாதனத்தைக் கொம்பியூட்டரோடு பேச வைக்கும் மென்பொருள்.

காரணம், லினக்ஸின் மையமான கெர்னலின் இரண்டு முகங்கள். மேலே ஓடும் மென்பொருளுக்குக் காட்டும் முகம் மாறாது. 32-பிட் இன்டெல் லினக்ஸில் 'எழுது' என்ற சிஸ்டம் கோலின் (மென்பொருள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) எண் 4, 64-பிட்டில் 1. ஆரம்பத்தில் வைத்த அந்த எண்கள் டெபியன் 13-இன் 6.12 கெர்னலிலும் அப்படியே இருக்கின்றன. விண்டோஸில் இந்த எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும்; அங்கே மென்பொருள்கள் இடையில் இருக்கும் டிஎல்எல் நூலகக் கோப்பு வழியாகப் போவதால் யாருக்கும் வலிப்பதில்லை. லினக்ஸில் 'இதற்கு மேல் மாறாது' என்ற எல்லை கெர்னலின் வாசலிலேயே போடப்பட்டிருக்கிறது. 2012 டிசம்பரில் மீடியா ட்ரைவர் பகுதியில் ஒரு பிழை எண் மாறி, ஒலி மென்பொருள் குழம்பியபோது, பிழை மென்பொருளில்தான் என்று பராமரிப்பாளர் சொன்னார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவே இல்லை: ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் நின்றால் அது கெர்னலின் பிழைதான் என்று கடும் தொனியில் பதில் எழுதினார்.

பதிப்பு எண்ணுக்கே ஒரு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 2011-இல் 2.6 வரிசை முடிந்து 3.0 வந்தபோது, எண் '2.6' என்றுதான் தொடங்கும் என நம்பி எழுதிய சில மென்பொருள்கள் விழுந்தன. அவற்றுக்காகச் சேர்த்த வழி இன்னும் வேலை செய்கிறது. 'செட்ஆர்ச்' கட்டளையை 'யூநேம்-2.6' தெரிவோடு போட்டு மென்பொருளைத் தொடக்கினால், 6.12 கெர்னல் தன்னை 2.6.72 என்று சொல்லிக்கொள்ளும். இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்? ஆனாலும் நிபந்தனை ஒன்று உண்டு: ஒருவரும் பயன்படுத்தாத பழைய வழியை எடுத்துவிடுவார்கள். முறையிட ஆள் இல்லாவிட்டால் உடைந்ததாகக் கணக்கில்லை.

டெபியன் 13 ஏற்றிய பிறகு முதலில் வரும் முறைப்பாடு பெரும்பாலும் இதுதான்: மென்பொருள் கோப்பு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஓட அனுமதியும் இருக்கிறது, தொடக்கினால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. இல்லாதது அந்தக் கோப்பு அல்ல, அதை ஏற்றிவிடும் 32-பிட் லோடர். மென்பொருள் 32-பிட்டில் கட்டப்பட்டது, ஏற்றிய சிஸ்டமோ 64-பிட். டெபியனின் பொதிக் கருவியான 'டிபிகேஜி'யில் ஐ386 (32-பிட் இன்டெல்) கட்டமைப்பைச் சேர்த்து, பொதிப் பட்டியலைப் புதுப்பித்து, 'லிப்சி6' பொதியின் ஐ386 பதிப்பை ஏற்றினால் தீரும். அதற்குப் பிறகும் நின்றால் 'எல்டிடி' கட்டளையை ஓட்டி, எந்த நூலகத்துக்கு நேரே 'நொட் பவுண்ட்' என்று வருகிறது எனப் பார்க்க வேண்டும். பழைய ஓபன்எஸ்எஸ்எல் 1.1, பிஎன்ஜி 12 போன்றவை டெபியன் 13-இல் இல்லை. கெர்னல் கொடுத்த வாக்கு இவற்றைக் கட்டுப்படுத்தாது. பழைய மெஷினில் இருந்த அந்த நூலகக் கோப்புகளை மென்பொருளின் கோப்புறைக்குள்ளேயே போட்டு, நூலகப் பாதையை அங்கே காட்டும் சிறு ஸ்கிரிப்ட் வழியாகத் தொடக்குவது நல்லது. சிஸ்டம் கோப்புறைக்குள் கொண்டுபோய்க் கொட்டினால் அடுத்த அப்டேட்டில் பழி வாங்கும்.

டெபியன் 13-இன் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.41-இல் இன்னொரு பொறி உண்டு. ஓடும் நடுவில் ஏற்றப்படும் நூலகம் 'ஸ்டாக்கில் (தற்காலிக நினைவகப் பகுதி) கோட் ஓட வேண்டும்' என்ற பழைய குறியோடு வந்தால், முன்பு சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தார்கள், இப்போது ஏற்ற மறுக்கிறார்கள். பெரும்பாலான நூலகங்களுக்கு அந்தக் குறி உண்மையில் தேவையே இல்லை. கட்டும்போது கவனயீனமாக ஒட்டியது. பிரதி ஒன்று எடுத்து வைத்துவிட்டு, 'பாட்ச்எல்ப்' கருவியால் அந்தக் குறியை அழித்துப் பார்க்கலாம்.

இனி கெர்னலின் மற்ற முகம். ட்ரைவர்களுக்கு உள்ளே காட்டும் முகத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இது கவனக்குறைவு அல்ல, கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதி கெர்னல் ஆவணங்களுக்குள்ளேயே வைத்த கொள்கை. கெர்னல் 4.15-இல் டைமர் வைக்கும் முறை மாறியது, 5.6-இல் 'புரொக்' கோப்பு உருவாக்கும் அமைப்பு மாறியது. கெர்னல் மரத்துக்குள் இருக்கும் ட்ரைவர்களை, மாற்றம் செய்பவரே திருத்திவிடுவார். வெளியே சீடியில் கிடக்கும் ட்ரைவரைத் திருத்த ஆள் இல்லை. அது கட்டும்போதே 'பொருந்தாத பொயின்டர்' என்று நின்றுவிடும், அல்லது ஏற்றும்போது 'தவறான மொடியூல் வடிவம்' என்று திரும்பி வரும் (மொடியூல் என்பது கெர்னலில் ஏற்றும் ட்ரைவர் கோப்பு).

டெபியன் 13 இதை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. டெபியன் 12-இல் சிறு அப்டேட் சிலவற்றுக்குக் கெர்னல் பொதியின் பெயர் மாறாது, கட்டிய மொடியூலும் அப்படியே ஓடும். 13-இல் ஒவ்வொரு அப்டேட்டும் 6.12.41, 6.12.43 என்று தனிப் பெயரில் வருகிறது. வெளி ட்ரைவர் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் மறுகட்டு வேலை. 'டிகேஎம்எஸ்' என்ற கருவி அதைத் தானாகச் செய்யும், ஆனால் ட்ரைவர் கட்டத் தேவையான கோப்புகளைத் தரும் 'லினக்ஸ் ஹெடர்ஸ் ஏஎம்டி64' என்ற பொதுப் பொதி இருந்தால்தான். குறிப்பிட்ட பதிப்பின் ஹெடரை மட்டும் ஏற்றிவிட்டுப் போனால் அடுத்த அப்டேட்டோடு வைபை போய்விடும். கையொப்பமில்லாத கோட்டைத் தடுக்கும் செக்யூர் பூட் ஒன் ஆக இருந்தால் கட்டிய மொடியூலைக் கையொப்பச் சாவியில்லாமல் கெர்னல் தொடாது. சாவியைப் பதிவுசெய்ய ரீபூட்டில் வரும் நீலத் திரையில் யாராவது உட்கார்ந்து 'என்ரோல்' அழுத்த வேண்டும், தூரத்தில் இருந்து முடியாது. கெர்னல்கள் சேரச் சேர, அவை இருக்கும் வட்டுப் பகுதியான பூட் பகிர்வும் நிரம்பும். டெபியன் கேட்பது குறைந்தது 768 எம்பி, அதில் சுமார் 300 எம்பி காலியாக. பழைய மெஷின்களில் பெரும்பாலும் 250-க்குள்தான் இருக்கும். மாரிகாலத்தில், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, யூபிஎஸ் இல்லாமல் இந்த அப்டேட்டைத் தொடக்கவே கூடாது. பாதியில் கரண்ட் போனால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் முந்தைய கெர்னலைத் தெரிவுசெய்து ஏறலாம், அதை நீக்காமல் வைத்திருந்தால்.

ஆகவே சாமான் வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். யூஎஸ்பி-சீரியல் வயர்களில் சிஎச்340, பிஎல்2303, எப்டிடிஐ மூன்றுக்கும் ட்ரைவர் கெர்னலுக்குள்ளேயே உண்டு. விண்டோஸில் தயாரிப்பாளரின் புதிய ட்ரைவர் தள்ளிவிட்ட பழைய பிஎல்2303 வயர் இங்கே பேசாமல் வேலை செய்யும். யூஎஸ்பி வைபையில் 8821சியூ சிப் 6.12-க்குள் இருக்கிறது, 8821ஏயூ இல்லை. ஓர் எழுத்து வித்தியாசம்தான், பெட்டியில் இரண்டுக்கும் ஒரே படம். சிப்பின் பெயர் சொல்லாமல் விற்கும் டொங்கிளை விட்டுவிடுங்கள்.

கெர்னல் வாக்குக் கொடுக்காத இன்னொன்று சாதனங்களின் வரிசை எண். கடற்காற்றில் யூஎஸ்பி பின் பச்சை பிடித்து, தொடர்பு ஒரு விநாடி அறுந்து ஒட்டும். மென்பொருள் 'டிடிவை யூஎஸ்பி 0' என்ற பழைய பெயரைப் பிடித்தபடி இருக்க, தராசு 'யூஎஸ்பி 1' ஆகத் திரும்பி வரும். கெர்னலைத் திட்டிப் பயனில்லை. 'பை-ஐடி' கோப்புறையில் உள்ள நிலையான பெயரைக் கொடுக்க வேண்டும். சிஎச்340-க்குத் தனித் தொடர் இலக்கம் கிடையாது என்பதால், ஒரே மாதிரி இரண்டு வயர் இருந்தால் 'பை-பாத்' பெயரைக் கொடுத்து, எந்த ஓட்டையில் எது என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வயரைச் செருகியதும் பெயர் தோன்றி உடனே மறைந்தால், பார்வையற்றோரின் பிரெய்ல் கருவிக்கான 'பிஆர்எல்டிடிவை' பொதி அதைப் பறித்துக்கொள்கிறதா எனப் பாருங்கள். தேவையில்லாத கடையில் அதை நீக்கலாம். பிரிண்டரிலும் இதே மாதிரி ஒரு இழுபறி உண்டு: பில்லிங் மென்பொருள் பிரிண்டரின் கெர்னல் பெயரான 'எல்பி0'-க்கு நேரே எழுதும் வகையென்றால், அந்தப் பிரிண்டரை அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸிலும் சேர்க்காதீர்கள். கப்ஸ் அச்சிடும் நேரம் கெர்னல் ட்ரைவரைக் கழற்றிவிடும், எல்பி0 காணாமல் போகும், பில் நடுவில் நிற்கும்.

லைசன்ஸ் பிரச்சினை சின்னது, ஆனால் கடையையே மூடிவிடும். பழைய மென்பொருள் சில 'ஈத்0' என்ற பெயரில் நெட்வேர்க் காட் ஒன்றைத் தேடி, அதன் தனி அடையாளமான மக் இலக்கத்தோடு லைசன்ஸை ஒப்பிடும். இன்றைய டெபியனில் அந்தப் பெயர் இல்லை. கிரப்பின் கெர்னல் வரியில் 'நெட் ஐஎப்நேம்ஸ்' மதிப்பை 0 ஆக்கினால் பழைய பெயர் திரும்பும். இரண்டு நெட்வேர்க் காட் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், பூட்டுக்குப் பூட் பெயர் இடம் மாறலாம்.

பென்டியம் 4 காலத்து 32-பிட் மெஷின்களுக்கு டெபியன் 13-இல் கெர்னலும் இல்லை, இன்ஸ்டோலரும் இல்லை. ஐ386 இப்போது 64-பிட் கெர்னலின் மேல் பழைய மென்பொருளை ஓட்ட மட்டும். அந்த நோக்கத்துக்காகவே ஐ386-இல் நேரத்தைக் குறிக்கும் எண்ணை 32-பிட்டாகவே விட்டிருக்கிறார்கள்; மற்றக் கட்டமைப்புகள் எல்லாம் 64-பிட் நேரத்தில் இருக்கின்றன. மாற்றியிருந்தால் பழைய பைனரிகள் அனைத்தும் ஒரேயடியாக உடைந்திருக்கும். சரியான முடிவு, ஆனால் விலை உண்டு. அந்த எண் 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை, இலங்கை நேரம் காலை 8:44:07-க்கு நிரம்பி 1901-க்குப் பாயும், கடை திறக்கும் நேரம். பில் மட்டும் போடும் கடைக்கு அது தூரத்துக் கதை. 15 வருடக் கடனுக்குத் தவணை அட்டவணை போடும் கூட்டுறவுச் சங்க மென்பொருள் 32-பிட் என்றால், கடைசித் தவணைத் திகதி 1901-க்குப் பாய்கிறதா என்று இன்றைக்கே 2040-ஐக் கொடுத்துப் பாருங்கள்.