தீபாவளி வியாபாரத்துக்குக் கடையில் எது போடலாம்: குலுக்கலா, சுலோகப் போட்டியா, இலவசப் பொருளா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் புடவைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "50 ரிங்கிட்டுக்கு வாங்கினால் ஒரு குலுக்கல் கூப்பன், முதல் பரிசு மோட்டார் சைக்கிள்" என்று பேனர் அடிக்கக் கிளம்பினார். கொஞ்சம் பொறுங்கண்ணே என்றேன்.

அதிர்ஷ்டக் குலுக்கு கூட்டத்தை இழுக்கும், சரி. ஆனால் மலேசியாவின் 1952ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம் லாட்டரிக்குத் தரும் விளக்கம் ரொம்ப அகலம். பணமோ பணமதிப்புள்ள பொருளோ அதிர்ஷ்டத்தைப் பொறுத்துக் கைமாறினால் அதற்குள் வந்துவிடும். அமெரிக்காவில் 'எதுவும் வாங்கத் தேவையில்லை' என்று ஒரு வரி போட்டுச் சமாளிப்பார்கள். இங்கே நம் சட்டத்தின் விளக்கம் காசு வாங்கினாயா என்றே கேட்பதில்லை. அதனால் கூப்பனை இலவசமாகக் கொடுத்தாலும் நிம்மதி கிடைக்காது.

அப்புறம் சுலோகப் போட்டி, அதாவது விளம்பர வாசகம் எழுதும் போட்டி. "இந்தக் கடை எனக்குப் பிடிக்கக் காரணம்..." என்று இருபது சொல்லில் முடிக்கச் சொல்லும் படிவங்களை நாம் எத்தனை நிரப்பியிருப்போம்! ரசனைக்காக மட்டும் வந்த பழக்கமில்லை அது. 1953ஆம் ஆண்டு பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டப்படி, வியாபாரத்தை ஒட்டிய போட்டியில் வெற்றிக்குத் திறமை கணிசமாகத் தேவைப்பட வேண்டும். 'மலேசியாவின் தலைநகரம் எது?' என்று கேட்டு, சரியாக எழுதிய இரண்டாயிரம் பேரைப் பெட்டியில் போட்டுக் குலுக்கினால், அது குலுக்கல்தான். கேள்வி வெறும் வேஷம். பந்தாட்ட முடிவை ஊகிக்கச் சொல்வதும் வேண்டாம். ஆட்டத்தை எவ்வளவு கரைத்துக் குடித்திருந்தாலும், இனி நடக்கப்போவதைக் கணிக்கும் போட்டியை அதே சட்டம் தனியாகத் தடுக்கிறது.

வாங்குபவருக்கெல்லாம் இலவசப் பொருள் என்பதில் அதிர்ஷ்டத்துக்கே இடமில்லை. சின்னக் கடைக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கொடுக்கும் எண்ணமில்லாமல் இலவசம் என்று அறிவிப்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏமாந்தவர் 5 ரிங்கிட் கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம்.

அண்ணன் கடைசியில் எல்லாருக்கும் குத்துவிளக்கு, மோட்டார் சைக்கிளுக்குச் சுலோகம் என்று முடிவு செய்தார். "நடுவரா என் வீட்டுக்காரியைப் போட்டுடலாமா?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் யாரையாவது பிடிங்க, எதற்கு எவ்வளவு புள்ளி என்று எழுதி வைக்கச் சொல்லுங்க என்றேன்.