சைலன்சர் ஓட்டையா? கம்பெனி பார்ட், டூப்ளிகேட், புதுப்பேட்டை, வெல்டிங் பட்டறை: நான்கையும் பார்த்தவன் சொல்வது

சென்னை திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கார் 2011-இல் வாங்கியது, பெட்ரோல் வண்டி. பிள்ளையின் பள்ளிக்கூடம், மார்க்கெட், மறுபடி வீடு என்று ஒரு நடைக்கு மூன்று கிலோமீட்டர் தாண்டாது. ஒரு நாள் காலையில் கிளப்பியதும் டிராக்டர் போலச் சத்தம். படுத்துப் பார்த்தால், பின்பக்க சைலன்சரின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

உப்புக்காற்று என்று எல்லோரும் சொன்னார்கள். அது பாதி உண்மைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் அது ஆவியாகவே வெளியே போய்விடும். மூன்று கிலோமீட்டரில் நிறுத்தினால் சைலன்சர் பெட்டிக்குள்ளேயே குளிர்ந்து தேங்கி, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். அதனால் எந்த சைலன்சர் வாங்கினாலும், பெட்டியின் தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவான டூப்ளிகேட்டில் இதைப் பல நேரம் விட்டுவிடுகிறார்கள்.

நான் முதலில் வாங்கியது அந்த டூப்ளிகேட்தான். கம்பெனி பார்ட் விலையில் மூன்றில் ஒரு பங்கு. வெள்ளிநிறத்தில் பளபளவென்று இருந்தது. மாட்டும்போதுதான் தெரிந்தது, ஃபிளாஞ்ச், அதாவது பைப்போடு சேர்த்து முடுக்கும் தட்டையான விளிம்பு, அதன் துளைகள் போல்ட்டுக்கு நேராக வரவில்லை. மெக்கானிக் அரத்தால் துளையை நீளமாக்கி உள்ளே தள்ளினார். ஃபிளாஞ்சின் முகமும் சமமாக இல்லாததால் இடையில் கசிவை அடைக்கும் புது கேஸ்கெட் போட்டும் புஸ் என்று புகை கசிந்தது. அடுத்தது கொக்கி. சைலன்சர் தொங்கும் ரப்பருக்குள் போகவேண்டிய கம்பி ஒரு விரல் அகலம் பின்னால் தள்ளி வெல்டு ஆகியிருந்தது. ரப்பரை இழுத்து மாட்டினோம். இழுபட்ட ரப்பர் மூன்று மாதத்தில் கிழிந்தது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, பம்பரின் அடி விளிம்பு சூட்டில் நெளிந்தது. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஸ்பீடு பிரேக்கரில் பைப் பின் சக்கர அச்சில் மோதி டங் என்று அடிக்கும்.

ஏன் இப்படி? சைலன்சர் என்பது பெட்டியும் பைப்பும் மட்டும் இல்லை. ஃபிளாஞ்ச் எந்தக் கோணத்தில், கொக்கி எந்த இடத்தில், அச்சுக்கு மேலே பைப் எவ்வளவு உயரத்தில் வளைகிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது. தொழிற்சாலையில் ஜிக் எனும் அளவுச் சட்டத்தில் பொருத்தி வெல்டு செய்வதால் எல்லாம் ஒரே அளவில் வரும். பல வருடம் ஓடித் தொய்ந்த பழைய சைலன்சரை மாதிரியாக வைத்துச் செய்தால் அந்தத் தொய்வும் சேர்ந்தே நகலாகும்.

உள்ளேயும் வித்தியாசம் உண்டு. கம்பெனி சைலன்சரில் தடுப்புத் தகடுகள் வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஒலி அலைகள் அங்கே மோதித் திரும்பி ஒன்றையொன்று அடக்கும். நான் வாங்கியதில் துளையிட்ட ஒரே குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிக் கம்பளி, அவ்வளவுதான். கம்பளி பொடியாகிப் புகையோடு போனதும் சத்தம் திரும்ப வந்தது. பதினான்காவது மாதம் வெல்டு ஓரத்தில் துரு. பளபளப்பு வெறும் பெயிண்ட்.

கம்பெனி பார்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா வண்டிக்குப் போட்டோம், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கேஸ்கெட்டையும் ரப்பரையும் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும், பழையதையே மாட்டக்கூடாது. விலைதான் கடி. வண்டியைக் குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அது நியாயமான விலையே. உற்பத்தி நின்றுபோன மாடலுக்குப் பார்ட் கிடைப்பது சிரமம்.

மச்சான் வண்டிக்கு, பழைய வண்டிப் பார்ட் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் வாங்கினோம். அச்சு அசலாகப் பொருந்தியது, ஏனென்றால் அதே தொழிற்சாலை அளவு. ஆனால் உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று வெளியே தெரியாது. கையில் தூக்கிக் குலுக்குங்கள். உள்ளே கலகல என்றால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது, வேண்டாம். மரக்கட்டையால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டுங்கள். கணீரென்று வந்தால் தகடு நன்றாக இருக்கிறது, சொத சொத என்றால் முடிந்துவிட்டது. நாங்கள் கடைக்காரர் முன்னாலேயே நான்கைத் தட்டிப் பார்த்து ஐந்தாவதை எடுத்தோம்.

இப்போது என் வண்டியில் ஓடுவது வெல்டிங் பட்டறை வேலை. பட்ஜெட் குறைவு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். என்னுடைய பழைய கம்பெனி சைலன்சரைக் காயலான் கடையில் போடாமல் மொட்டைமாடியில் வைத்திருந்தேன். ஃபிளாஞ்ச், வளைந்த பைப், கொக்கிகள் எல்லாம் உறுதியாகவே இருந்தன, பெட்டி மட்டும்தான் போயிருந்தது. பட்டறைக்காரர் பெட்டியை அறுத்தெடுத்துவிட்டு, அதே அளவில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பெட்டியை வாங்கி வைத்தார். வண்டியிலேயே மாட்டிப் பார்த்து, புள்ளிப் புள்ளியாகப் பிடித்து, அப்புறம் கழற்றி முழு வெல்டு செய்தார். பொருந்தாமல் போக வழியே இல்லை. ஆகவே, புதுசு ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை பழைய சைலன்சரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

பட்டறையில் சில விஷயங்களில் கறாராக இருக்கவேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் வேண்டாம். வெல்டு செய்யும் இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோய் அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும், அந்தப் புகை வெல்டருக்கும் கெடுதல். எஸ்.எஸ். என்றால் ஆர்கான் வெல்டிங், எஸ்.எஸ். கம்பி என்று கேளுங்கள். காந்தம் ஒட்டினால் எஸ்.எஸ். இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 304 ரகத்தில் ஒட்டாது. கார் கம்பெனிகளே அதிகம் பயன்படுத்தும் 409 ரகத்தில் ஒட்டும். வண்டியிலேயே வெல்டு வைக்கிறார்கள் என்றால் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் வெல்டு வேண்டவே வேண்டாம், சைலன்சரைக் கழற்றி வெளியே வைத்தே செய்யட்டும்.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் விஷயம் வேறு. அங்கே மலிவு பார்க்காதீர்கள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால்தான் அது விலை. உள்ளே தேன்கூடு போன்ற பகுதியை எடுத்துவிட்டு வெறும் கூட்டை விற்பவர்கள் உண்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4) புகை விதிப்படி செய்த பெட்ரோல் வண்டி புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். வெறும் கூட்டோடு அது நடக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதைவிடப் பெரிய கவலை, கசிவு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. கசியும் ஃபிளாஞ்சோடு ஏ.சி. போட்டு, நின்ற வண்டியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

எதை வாங்கினாலும் மாட்டும் முறை ஒன்றுதான். எல்லா ரப்பரிலும் தொங்கவிட்டு, போல்ட்டுகளைத் தளர்வாகப் போட்டு, பைப்பை நேராக்கிய பிறகு முன்னாலிருந்து பின்னால் வரிசையாக இறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, அச்சுக்கும் பைப்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் குழியிலிருந்து பார்க்கச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.